கொடுத்தால்தான் இடம்!

பூட்டிய டொரண்ட் தளங்களில் ஒவ்வோர் உறுப்பினரின் பெயருக்குப் பக்கத்திலும் ஓர் எண் இருக்கும். அது குறைந்தால் கதவு மூடும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த எண் யாரை வளர்த்தது, யாரை வெளியே தள்ளியது, எதைக் காப்பாற்றியது?

படம் கிடையாது, வண்ணம் கிடையாது, எழுத்து மட்டும் ஓடும் ஐ.ஆர்.சி. அரட்டை அறை. உள்ளே போக விரும்புகிறவர் பெயரைப் பதிந்துவிட்டு வரிசையில் காத்திருக்கிறார். மணிக்கணக்கில் ஆகலாம். முறை வந்ததும் தேர்வாளர் தனியே அழைத்துக் கேள்விகளை ஆரம்பிக்கிறார். எம்பி3க்கும் ஃபிளாக்குக்கும் என்ன வித்தியாசம்? எம்பி3 கோப்பை ஃபிளாக்காக மாற்றினால் தரம் கூடுமா? இந்த ஒலி வரைபடத்தில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே எல்லாம் காலியாக இருக்கிறதே, இது எந்தக் கோப்பு? பிறகு, பலரையும் திணறடித்த கேள்விகள்: ரேஷியோ என்றால் என்ன, அதை எப்படிக் காப்பாற்றுவீர்கள்?

வாட்.சிடி என்ற இசைத் தளத்தில், அழைப்பு கொடுக்க ஆள் இல்லாதவர்கள் உள்ளே போன வழி இதுதான். இந்தத் தேர்வுக்கென்றே பாடக் குறிப்புகள் இருந்தன. ராத்திரி கண் விழித்துப் படித்துவிட்டு வந்தவர்கள் உண்டு. தேறியவர் உள்ளே நுழைந்தால் பக்கத்தின் உச்சியில் தன் கணக்கைப் பார்ப்பார்: கொடுத்தது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வரும் எண்ணான ரேஷியோ எவ்வளவு, தளம் கேட்கும் குறைந்தபட்ச எண் எவ்வளவு. அன்றிலிருந்து அவர் எதைத் தொட்டாலும் அந்த எண் நகரும்.

முதல் 5 ஜி.பி. வரை தளம் எதுவும் கேட்காது. அதற்கு மேல் எடுக்க எடுக்கக் கெடுபிடி ஏறும். 100 ஜி.பி.யைத் தாண்டியவர் 0.60க்குக் கீழே போகக் கூடாது. அதாவது எடுத்ததில் 60 சதவீதமாவது மற்றவர்களுக்குத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். தவறினால் இரண்டு வாரக் கண்காணிப்பு. அந்தக் காலத்தில் மேலும் 10 ஜி.பி. எடுத்துவிட்டால் டவுன்லோடு உரிமை உடனே பறிபோகும். அபராதம் கட்டியோ மன்னிப்புக் கேட்டோ தப்ப முடியாது. கொடுத்துத்தான் மீள வேண்டும்.

ஒரு பொது மொய் நோட்டு

பிராம் கோஹன் என்ற அமெரிக்க நிரலாளர் 2001ல் பிட்டொரண்ட்டை வெளியிட்டார். ஒரே சர்வரிலிருந்து ஆயிரம் பேர் ஒரு பெரிய கோப்பை எடுத்தால் சர்வர் திணறும். கோப்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒரு துண்டு கிடைத்தவரையே அடுத்தவருக்குக் கொடுக்க வைத்தால், எடுப்பவர்கள் கூடக்கூட வேகமும் கூடும். இதுதான் அவர் கண்ட வழி.

ஆனால் மனிதர்கள் ஏன் கொடுக்க வேண்டும்? அதற்கும் அவர் நிரலிலேயே பதில் எழுதினார். உங்கள் கணினி ஒரு நேரத்தில் வழக்கமாக நான்கு பேருக்குத்தான் கொடுக்கும். 10 நொடிக்கு ஒரு முறை, தனக்கு நன்றாகக் கொடுப்பவர் யார் என்று பார்த்து அவர்களையே தேர்ந்தெடுக்கும். புதியவருக்கும் வாய்ப்பு வேண்டும் என்பதற்காக, 30 நொடிக்கு ஒரு முறை யாரோ ஒருவருக்குப் பதில் எதிர்பாராமல் கொடுத்துப் பார்க்கும். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. எனக்குச் செய்தவருக்கு நான் செய்கிறேன். செய்யாதவர் வீட்டு விருந்துக்கு நான் போவதில்லை.

இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. கோப்பு முழுதாக வந்து சேர்ந்தபின் எனக்கு யாரும் எதுவும் செய்யத் தேவையில்லை. நான் கணினியை அணைத்துவிட்டுப் போய்விடலாம். திறந்த டொரண்ட் தளங்களில் பெரும்பாலானவர்கள் அதைத்தான் செய்தார்கள். புதுப் படம், புது ஆல்பம் என்றால் சில வாரம் உயிரோடு இருக்கும். பழையது செத்துவிடும், 97 சதவீதத்தில் நின்று, கடைசித் துண்டைக் கொடுக்க ஆளில்லாமல் அப்படியே கிடக்கும்.

தனியார் ட்ராக்கர்கள் எனப்படும் பூட்டிய தளங்கள் இந்த ஓட்டையை அடைக்க ஒரு பொது நோட்டைத் திறந்தன. யாருக்குக் கொடுத்தாய் என்பது முக்கியமில்லை. கூட்டத்துக்கு எவ்வளவு கொடுத்தாய் என்பது பெயர் போட்டு எழுதப்படும். இந்தப் பக்கத்தில் கொடுத்ததை அந்தப் பக்கத்தில் எடுத்துக்கொள்ளலாம். இன்று கொடுத்ததை அடுத்த ஆண்டு எடுத்துக்கொள்ளலாம்.

விளைவு உடனே தெரிந்தது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திறந்த தளங்களையும் பூட்டிய தளங்களையும் அளந்து ஒப்பிட்டு 2010ல் வெளியிட்ட ஆய்வில், பூட்டிய தளங்களில் டவுன்லோடு வேகமும், எடுப்பவருக்கு எதிரே கொடுப்பவர்களின் எண்ணிக்கையும் பல மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அதே மனிதர்கள், அதே மென்பொருள். பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் மட்டுமே கூடுதல்.

[பெட்டிச் செய்தி: நோட்டில் எழுதுவது யார்?]

தனியார் டொரண்ட் கோப்பு ஒவ்வொன்றிலும் ‘பிரைவேட்’ என்ற குறி இருக்கும். அதைப் பார்த்ததும் மென்பொருள் வெளியாட்களைத் தேடும் வழிகளை அடைத்துவிடும். ட்ராக்கர் காட்டும் ஆட்களோடு மட்டுமே பேசும். ட்ராக்கர் முகவரியிலேயே உறுப்பினருக்கென்று ‘பாஸ்கீ’ என்னும் தனி எழுத்துத் தொடர் ஒளிந்திருக்கும்.

கோப்பு ட்ராக்கர் வழியாகப் போவதே இல்லை. சுமார் அரை மணிக்கு ஒரு முறை உங்கள் மென்பொருள்தான் “இவ்வளவு கொடுத்தேன், இவ்வளவு எடுத்தேன்” என்று அறிக்கை அனுப்புகிறது. இதைப் பொய்யாக அனுப்பும் மென்பொருள்களும் வந்தன. பிடிப்பது கடினமில்லை: பத்து ஜி.பி. கொடுத்ததாக ஒருவர் சொன்னால், அந்தக் கோப்பை எடுத்தவர்களின் கணக்கில் பத்து ஜி.பி. வரவு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொய். பெரும்பாலான தளங்களில் இதற்குத் தண்டனை நிரந்தர நீக்கம்.

எல்லோரும் ஒன்றைத் தாண்ட முடியாது

இங்கேதான் இந்தக் கட்டுரையின் மையம் இருக்கிறது. புதிதாக உள்ளே வந்த எத்தனையோ பேர் தங்களையே குறை சொல்லிக்கொண்டு வெளியேறியிருக்கிறார்கள். தவறு அவர்களிடம் இல்லை, கணக்கில் இருந்தது.

ஒருவர் கொடுத்த ஒவ்வொரு பைட்டும் இன்னொருவர் எடுத்த பைட். அதனால் தளம் முழுவதும் கொடுத்ததன் கூட்டுத்தொகையும் எடுத்ததன் கூட்டுத்தொகையும் எப்போதும் சமம். மொத்தத் தளத்தின் ரேஷியோ சரியாக 1.0. ஒருவர் 5.0 வைத்திருக்கிறார் என்றால் வேறு பலர் ஒன்றுக்குக் கீழே இருந்தே தீர வேண்டும்.

ஒரு ஜி.பி. அளவுள்ள கோப்பை ஒருவர் போடுகிறார் என்று வையுங்கள். நான்கு பேர் எடுக்கிறார்கள். நால்வருக்குமாகப் பரிமாறப்படுவது 4 ஜி.பி. போட்டவர் 1.5 ஜி.பி. கொடுத்துவிட்டார். நால்வரில் ஒருவரிடம் அதிவேக இணைப்பு. அவர் முதலில் வாங்கி, மற்றவர்களுக்கு 2 ஜி.பி. கொடுத்துவிடுகிறார். மிச்சம் அரை ஜி.பி.தான். அதை மூன்று பேர் பங்கிட்டால் ஆளுக்கு 0.17. இனி ஆறாவதாக ஒருவர் வருகிறார். அவருக்குக் கொடுக்க ஐந்து பேர் தயாராக நிற்கிறார்கள். அவரிடம் கேட்க யாருமில்லை. கணினியை ஒரு மாதம் அணைக்காமல் வைத்திருந்தாலும் அவர் ரேஷியோ 0.00.

அந்த மூவரும் ஆறாமவரும் கஞ்சர்கள் இல்லை. கொடுக்கத் தயாராகக் காத்திருந்தவர்கள். ஆனால் தளத்தின் விதி கொடுக்க விரும்பியதை அளக்கவில்லை, கொடுத்ததை மட்டும் அளந்தது. அவர்கள் நீக்கப்பட்டால், அவர்களின் பற்றாக்குறை அப்படியே வேறு யாரோ ஒருவரின் உபரியாக நோட்டில் தங்கிவிடுகிறது. மேலே நிற்பவரின் பெருமையான எண்ணுக்குக் கீழே இப்படி நீக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் 2009லேயே இதைக் கடன் நெருக்கடி என்று அழைத்தார்கள். பொருளாதாரத்தில் பணம் முடங்கினால் வியாபாரம் நிற்பதுபோல, எல்லோரும் ரேஷியோவைச் சேர்த்து வைத்துக்கொண்டு எடுக்கப் பயந்தால் கொடுக்க ஆள் கிடைக்காமல் தளமே உறையும். வாஷிங்டனின் கேப்பிட்டல் ஹில் பகுதியில் 1970களில் இதே கதை நிஜமாக நடந்தது. குழந்தைகளை மாறி மாறிப் பார்த்துக்கொள்ளும் தம்பதிகளின் கூட்டுறவுச் சங்கம் அது. பார்த்துக்கொண்ட நேரத்துக்கு ஏற்பக் கூப்பன். எல்லோரும் கூப்பன் சேர்க்க விரும்பினார்கள், யாரும் வெளியே போய்ச் செலவழிக்கவில்லை. அதனால் யாருக்கும் சம்பாதிக்கவும் வழியில்லை. சங்கத்தில் இருந்த ஸ்வீனி தம்பதி 1977ல் இதை எழுதினார்கள். பொருளாதார அறிஞர் பால் க்ரூக்மேன் பிற்பாடு உலகறியச் செய்தார். கூப்பன்களைக் கூடுதலாக வெளியிட்டபோதுதான் சங்கத்துக்கு மறுபடி மூச்சு வந்தது.

ட்ராக்கர் நிர்வாகிகளும் அதையே செய்தார்கள். ‘ஃப்ரீலீச்’ என்று அறிவிக்கும் நாளில் எடுப்பது கணக்கில் ஏறாது, கொடுப்பது மட்டும் ஏறும். தீபாவளித் தள்ளுபடிபோலத் தோன்றினாலும் உண்மையில் அது நோட்டில் புதுப் பணம் அச்சடிப்பது. வாட்.சிடி 1.0 கேட்காமல் 0.60ல் நின்றதற்கும், 100 ஜி.பி.க்குள் எடுத்ததை முழுதாகச் சீட் செய்கிறவர்களுக்கு, அதாவது மற்றவர்கள் எடுக்கத் திறந்து வைப்பவர்களுக்கு, அதிலும் சலுகை கொடுத்ததற்கும் காரணம் இந்தக் கணக்குதான். எல்லோரும் ஒன்றுக்கு மேல் இருக்க வேண்டும் என்று கேட்கும் தளம் நடக்க முடியாததைக் கேட்கிறது.

மூன்று நொடியும் இரண்டரை மணி நேரமும்

கணக்கு எல்லோரையும் ஒரே மாதிரி அழுத்தவில்லை. தரம் குறையாமல் சேமித்த ஓர் ஆல்பம் சுமார் 300 எம்.பி. இருக்கும். நொடிக்கு ஒரு ஜிகாபிட் இணைப்புள்ள சர்வர் அதை மூன்று நொடிக்குள் கொடுத்துவிட முடியும். பழைய ஏ.டி.எஸ்.எல். இணைப்பில் அப்லோடு வேகம் ஒரு மெகாபிட் என்றால் 40 நிமிடம். 256 கிலோபிட் இணைப்பில் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல்.

தமிழ்நாட்டில் பிராட்பேண்ட் வந்த புதிதில் இணையத்தோடு வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கடைசி எண் நன்றாக நினைவிருக்கும். பி.எஸ்.என்.எல். திட்டங்கள் சிலவற்றில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரைதான் கணக்கில்லாமல் ஓட்டலாம். மற்ற நேரத்தில் ஒவ்வொரு எம்.பி.க்கும் கணக்கு. அந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும். அதே நேரம் ஸ்வீடனில் கல்லூரி விடுதியில் இருந்தவர் நாள் முழுவதும் கொடுத்துக்கொண்டிருப்பார். இருவருக்கும் ஒரே விதி.

இன்று நம் ஊரில் ஃபைபர் வந்துவிட்டது, வேகம் இருக்கிறது. ஆனால் வேறொரு தடை. பல நிறுவனங்கள் ஒரே ஐ.பி. முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. சிஜிநாட் என்று அதற்குப் பெயர். வெளியிலிருந்து உங்கள் கணினியின் கதவைத் தட்ட வழியே இருக்காது. நீங்கள் தேடிப் போய்ப் பேசலாம், உங்களைத் தேடி யாரும் வர முடியாது. இதே தடை இருக்கும் இருவர் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளவும் முடியாது. சீட் செய்தும் ரேஷியோ ஏறவில்லை என்று புலம்புகிற பலருக்கு நோய் இதுதான். பொது ஐ.பி. முகவரி கேட்டு வாங்குவதோ, போர்ட் திறக்க வசதி தரும் வி.பி.என். எடுப்பதோதான் மருந்து.

வசதி இருந்தவர்கள் வேறு வழி கண்டார்கள். பிரான்ஸிலோ நெதர்லாந்திலோ ஒரு சர்வரை மாத வாடகைக்கு எடுப்பது. அதற்குப் பெயர் சீட்பாக்ஸ். புதுக் கோப்பு வந்ததும் அறிவிக்கும் அரட்டை அறையை ஒரு நிரல் கவனித்துக்கொண்டே இருக்கும். அறிவிப்பு வந்த நொடியில் டவுன்லோடு தொடங்கி, முதல் சில நிமிடங்களின் அப்லோடு முழுவதையும் அள்ளிவிடும். மனிதர் தூங்கிக்கொண்டிருப்பார். அந்த ஆல்பத்தை அவர் ஒருமுறைகூடக் கேட்டிருக்க மாட்டார். இசையை நேசித்து வந்தவர் பின்வரிசைக்குப் போய்விடுவார். எனக்கு இதில் உறுத்துவது வேகம் அல்ல. கொடுக்கும் மனத்தை வளர்க்க வந்த எண்ணைப் பணம் கொடுத்து வாங்கலாம் என்று ஆனபோது, அந்த எண் பெருந்தன்மையின் அடையாளம் என்ற நிலையிலிருந்து இறங்கிவிட்டது. அழைப்புகளும் கணக்குகளும் காசுக்கு விற்கப்பட்டதும் இந்த வழியில்தான்.

நல்ல எண் உள்ளவர்கள் செய்கிற வேலை

சீட்பாக்ஸ் இல்லாமலே நல்ல ரேஷியோவோடு பல ஆண்டு இருந்தவர்கள் உண்டு. அவர்களுடைய பழக்கங்களில் ரகசியம் எதுவும் இல்லை, பொறுமைதான் அதிகம்.

முதல் நாளில் பசியோடு எடுக்க மாட்டார்கள். கையில் உள்ள தொடக்கச் சலுகையை ஒரே ராத்திரியில் தீர்த்துவிட்டுக் கண்காணிப்பில் சிக்குவதுதான் புதியவர்களின் வழக்கமான விபத்து. எடுக்க ஆட்கள் நிறைய, கொடுக்க ஆட்கள் குறைவாக இருக்கும் கோப்பைத் தேடுவார்கள். ஃப்ரீலீச் நாளுக்காகக் காத்திருப்பார்கள். எடுத்த கோப்பின் பெயரையோ இடத்தையோ மாற்ற மாட்டார்கள். மாற்றினால் மென்பொருளுக்குக் கோப்பு கிடைக்காது, சீட் நின்றுபோகும். பாடல்களுக்குத் தன் விருப்பப்படி பெயர் மாற்றி அடுக்க நினைப்பவர் தனியே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வார்.

எடுத்தபின் விட்டுவிட்டு ஓடுவதை எந்தத் தளமும் பொறுப்பதில்லை. குறைந்தது 72 மணி நேரம் சீட் செய்ய வேண்டும் என்பது பல தளங்களில் உள்ள விதி. நல்ல உறுப்பினர்கள் 72 மணியில் நிறுத்துவதில்லை. யாருமே கேட்காத ஒரு பழைய கோப்பை ஆண்டுக்கணக்கில் திறந்து வைத்திருப்பார்கள். ஒருநாள் எங்கிருந்தோ ஒருவர் வந்து அதை எடுப்பார். அப்லோடு கணக்கில் அது சில எம்.பி.தான்.

இந்தக் காத்திருப்புக்கும் மதிப்பு கொடுக்கத்தான் போனஸ் புள்ளிகள் வந்தன. ஒரு கோப்பை எத்தனை மணி நேரம் திறந்து வைத்தாய், அதை வைத்திருப்பவர்கள் எத்தனை குறைவு என்று பார்த்துப் புள்ளி கொடுப்பார்கள். புள்ளியை அப்லோடாக மாற்றிக்கொள்ளலாம். மேலே சொன்ன ஆறாமவருக்கு நியாயம் செய்யும் ஒரே ஏற்பாடு இது. ட்ராக்கர்கள் கண்டுபிடித்த விதிகளிலேயே சிறந்தது இதுவென்று உறுதியாகச் சொல்வேன்.

பசி கொண்டுபோய் விட்ட இடம்

ரேஷியோ மனிதர்களைக் கொடுக்க வைத்தது. எதைக் கொடுப்பது என்று அது சொல்லவில்லை.

எந்தக் கோப்புக்கு அப்லோடு அதிகம் கிடைக்கும்? எல்லோரும் ஆவலாக எதிர்பார்த்து, இன்னும் யாரிடமும் இல்லாத கோப்புக்கு. கடைக்கு வராத ஆல்பம், திரைக்கு வராத படம். எண்ணை உயர்த்தும் பசி நேரே அங்கேதான் இழுத்துச் செல்லும். எலைட் டொரண்ட்ஸ் என்ற அமெரிக்கத் தளத்தில் 2005 மே மாதம் ஸ்டார் வார்ஸ் வரிசையின் மூன்றாம் அத்தியாயம் திரையரங்குக்கு வருவதற்கு முன்பே வந்துவிட்டது. சில நாட்களில், மே 25 அன்று, எஃப்.பி.ஐ. அந்தத் தளத்தைக் கைப்பற்றியது. பிட்டொரண்ட் மீது அமெரிக்க அரசு எடுத்த முதல் குற்றவியல் நடவடிக்கை அது. அதில் தொடர்புடையவர்களில் ஐந்து மாதச் சிறையும் அதன்பின் ஐந்து மாத வீட்டுக் காவலும் அனுபவித்தவர் உண்டு.

இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் ஆலன் எல்லிஸ் என்ற இளைஞர் 2004ல் தொடங்கிய தளம் ஓய்ங்க். சுமார் 1,80,000 உறுப்பினர்கள். நைன் இன்ச் நெயில்ஸ் குழுவின் ட்ரெண்ட் ரெஸ்னர் தானும் அதில் இருந்ததாக வெளிப்படையாகச் சொன்னார். வெளியாகும் முன்பே ஆல்பங்கள் கசிவது அந்தத் தளத்தில்தான் என்றது சர்வதேச இசைத்தட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு. 2007 அக்டோபர் 23 அன்று மிடில்ஸ்பரோவில் எல்லிஸ் கைதானார். ஆம்ஸ்டர்டாமில் சர்வர்கள் பறிமுதலாயின. 2010 ஜனவரியில் டீஸைட் நீதிமன்றத்தில் ஜூரிகள் ஒருமனதாக அவரை விடுவித்தார்கள்.

தளம் நடத்தியவர் விடுதலையானார். பாட்டை அப்லோடு செய்த உறுப்பினர்கள் சிலர் அதற்கு முன்பே குற்றத்தை ஒப்புக்கொண்டு சமூக சேவைத் தண்டனை பெற்றிருந்தார்கள். இந்த முரணை வாசகர்கள் கவனிக்க வேண்டும். எடுப்பவரைவிட விநியோகிப்பவரைத்தான் சட்டம் கடுமையாகப் பார்க்கிறது. ரேஷியோ விதியோ எடுப்பவர் ஒவ்வொருவரையும் விநியோகிப்பவராக ஆக்குகிறது. எண்ணை உயர்த்தக் கொடுத்த ஒவ்வொரு ஜி.பி.யும், உரிமையுள்ள படைப்பாக இருந்தால், உங்கள் பெயரில் பதிவான ஒரு விநியோகம்.

வாட்.சிடியில் ‘ரிக்வெஸ்ட்’ என்றொரு பகுதி இருந்தது. கிடைக்காத ஒன்றைக் கேட்டு, கொண்டுவருபவருக்கு இத்தனை ஜி.பி. என்று வெகுமதி அறிவிக்கலாம். மற்றவர்களும் அதில் கூட்டிக்கொண்டே போகலாம். நூலகங்களின் அடுக்கிலிருந்தும் பழைய தட்டுக் கடைகளிலிருந்தும் அபூர்வ இசையைக் கொண்டுவர வைத்த ஏற்பாடு இது. எந்த எல்லையும் அதற்குக் கிடையாது. எழுத்தாளர் ஜே.டி. சாலிஞ்சர் தன் வாழ்நாளில் அச்சிட மறுத்து, பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் கண்காணிப்பில் மட்டுமே படிக்கக் கிடைத்த ‘தி ஓஷன் ஃபுல் ஆஃப் பௌலிங் பால்ஸ்’ கதை, 2013 நவம்பரில் அந்தத் தளத்தில்தான் வெளியே வந்தது. எழுதியவர் வேண்டாம் என்று சொன்னதை உலகத்துக்குக் கொடுப்பது கொடை ஆகாது.

[பெட்டிச் செய்தி: இந்தியச் சட்டம்]

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 63: தெரிந்தே உரிமையை மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம்.

2023ல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டம்: திரைப்படத்தை அனுமதியின்றிப் பதிவு செய்தாலோ பரப்பினாலோ மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அபராதம் ரூ.3 லட்சத்தில் தொடங்கி, தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம்.

2012ல் ‘3’, தெலுங்கில் வந்த ‘தம்மு’ படங்களுக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த ‘ஜான் டோ’ உத்தரவைக் காட்டி, இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ உட்படப் பல தளங்களை முழுதாக முடக்கின. முழுத் தளத்தை அல்ல, குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும் என்று ஜூன் மாதம் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

2016 நவம்பர் 17

அன்று பிரெஞ்சுக் காவல் படையின் சைபர் பிரிவு, இசைப் படைப்பாளிகளின் உரிமைச் சங்கமான சாசெம் கொடுத்த புகாரின்பேரில், பிரான்ஸில் இருந்த சர்வர்களைக் கைப்பற்றியது. வாட்.சிடி மூடப்பட்டது. உறுப்பினர் விவரங்கள் எல்லாவற்றையும் தாங்களே அழித்துவிட்டதாக நிர்வாகிகள் அறிவித்தார்கள். பல ஆண்டு உழைத்துச் சேர்த்த அப்லோடு, 0.60ல் தொங்கிக்கொண்டிருந்த பயம், எல்லாம் ஒரே நாளில் பொருளில்லாமல் போயின.

அங்கே இருந்தவை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டொரண்ட்கள். அதைவிடப் பெரிய இழப்பு, அவற்றைச் சுற்றி எழுதப்பட்டிருந்தது. எந்த ஆண்டின் எந்த அச்சு, எந்த நாட்டில் வெளியானது, எந்த நாடாவிலிருந்து எடுத்தது, எந்த இசைத்தட்டு கடைகளிலிருந்து என்றைக்கோ காணாமல் போனது என்று உறுப்பினர்கள் சம்பளமில்லாமல் ஒழுங்குபடுத்திய அட்டவணை அது. வணிக நிறுவனம் எதுவும் அந்த அளவுக்குச் செய்ததில்லை. படைப்பாளிகளுக்கு ஒரு காசும் போகவில்லை என்பது உண்மை, அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. அந்த அட்டவணை போனதும் உண்மையான இழப்பு. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்து நடந்ததுதான் ரேஷியோ விதிக்குக் கிடைத்த பெரிய சான்றிதழ். சில நாட்களிலேயே ரெடாக்டட், ஆர்ஃபியஸ் என்று இன்று அறியப்படும் வாரிசுத் தளங்கள் முளைத்தன. பழைய உறுப்பினர்கள் தங்கள் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து மறுபடி அப்லோடு செய்யத் தொடங்கினார்கள். சர்வரில் இருந்தவை நோட்டும் அட்டவணையும் மட்டும்தான். கோப்புகள் எல்லாம் உலகம் முழுக்க வீடுகளில் இருந்தன. அழித்துவிடாமல் வைத்திருக்க அவர்களைப் பழக்கியது அந்த எண்.

பசியில்லாத கணக்கு

படைப்பாளியே சம்மதித்த பகிர்வு இந்தத் தொழில்நுட்பத்தின் பிறப்பிலிருந்தே கூட இருக்கிறது. கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு தன் கச்சேரிகளை ரசிகர்கள் ஒலிப்பதிவு செய்ய 1984லேயே தனி இடம் ஒதுக்கியது. விற்காமல் பரிமாறிக்கொள்வது மட்டும் நிபந்தனை. அந்தப் பரம்பரையில் வந்த ஈட்ரீ குழுவினர்தான் பிட்டொரண்ட்டை ஆரம்ப நாட்களிலேயே எடுத்துக்கொண்டவர்கள். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்புகள், லிப்ரே ஆபிஸ், இணையமில்லாத பள்ளிகளுக்கு விக்கிப்பீடியாவைக் கொண்டுபோகும் கிவிக்ஸ் கோப்புகள் எல்லாம் டொரண்ட்டில் கிடைக்கின்றன. இங்கே யாரும் ரேஷியோ கேட்பதில்லை. அதனாலேயே வாங்கியதும் மூடிவிடுகிறோம்.

இன்டர்நெட் ஆர்க்கைவ் 2012 ஆகஸ்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தொகுப்புகளை டொரண்ட்டாகக் கொடுக்க ஆரம்பித்தது. நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் உட்பட ஏராளமான தமிழ்ப் புத்தகங்களின் ஸ்கேன் பிரதிகள் அங்கே இருக்கின்றன. 2024 அக்டோபரில் அந்தத் தளம் இணையத் தாக்குதலுக்கு ஆளாகிப் பல நாட்கள் முடங்கியபோது, ஆராய்ச்சி மாணவர்கள் கைவசம் இருந்ததை மட்டும் வைத்துக்கொண்டு தவித்தார்கள். அந்த டொரண்ட்களைத் தங்கள் கணினியில் திறந்து வைத்தவர்கள் சிலராவது இருந்திருந்தால், அந்த நாட்களிலும் அந்தப் புத்தகங்கள் இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

உங்களிடம் ஃபைபர் இணைப்பு இருக்கிறதா? மாத இறுதியில் மிச்சமாகும் டேட்டா இருக்கிறதா? பொதுவுடைமையான பத்துத் தமிழ் நூல்களைத் தேர்ந்தெடுங்கள். அவற்றின் டொரண்ட்களை எடுத்து, மென்பொருளில் அப்லோடு வேகத்துக்கு உங்கள் வீட்டைப் பாதிக்காத ஒரு வரம்பு வைத்து, அணைக்காமல் விடுங்கள். ஒரு வருஷத்துக்கு யாரும் வராமல் போகலாம். அப்போதும் நிறுத்தாதீர்கள்.